ஆண் பூச்சியை மயக்கும் ரப்பர் துண்டு

தக்காளித் தோட்டங்களில் கம்பு நட்டு, பிளாஸ்டிக் புனலும் கீழே நீளமான பாலித்தீன் பையுமாகக் கட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். இனக்கவர்ச்சிப் பொறி. "உள்ளே சின்ன ரப்பர் துண்டுதானே இருக்கிறது, அதற்கா பூச்சி வருகிறது?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்.

அதற்குத்தான். காய்ப்புழுவின் பெண் அந்துப்பூச்சி இரவில் ஆணை அழைக்க விடும் வாசனையைச் செயற்கையாகத் தயாரித்து அந்த ரப்பரில் ஏற்றியிருக்கிறார்கள். இந்த வகைப் பொருளுக்குப் பெரோமோன் என்று பெயர். முதலில் பிடிபட்டது பட்டுப்பூச்சியுடையது. ஜெர்மனியின் வேதியியலாளர் அடால்ஃப் பூட்டனாண்ட் குழுவினர் சுமார் 5 லட்சம் பெண் பூச்சிகளைத் திரட்டி, சில மில்லிகிராம் பிரித்தெடுத்து, 1959-ல் அறிவித்தார்கள். ஏறத்தாழ 20 ஆண்டு உழைப்பு. பூச்சி வாசனைக்காக இவ்வளவு காலம் நிதி கேட்டால் இன்று எந்தக் குழு ஒப்புக்கொள்ளும்? மூன்றே ஆண்டில் பலனைக் காட்டு என்பார்கள்.

சரி, இருட்டில் ஆணுக்கு வழி எப்படித் தெரிகிறது? நெருங்க நெருங்க வாசனை கூடும், அதைப் பிடித்தபடி போகும் என்றுதான் நமக்குத் தோன்றும். அப்படியில்லை. ஊதுவத்திப் புகை மாதிரி வாசனை காற்றில் இழை இழையாகப் பிய்ந்துவிடும். நடுவே ஒன்றுமே இருக்காது. பூச்சிக்குத் தெரிந்தது இரண்டே காரியம். உணர்கொம்பில் வாசனை பட்டால் காற்றை எதிர்த்துப் பாயும். விட்டுப்போனால் முன்னேறாமல் இடமும் வலமுமாக அலையும். மறுபடி ஓர் இழை பட்டதும் இன்னொரு பாய்ச்சல். பெண் இருக்கும் இடம் தெரியவே வேண்டாம், காற்று வரும் திசை தெரிந்தால் போதும்! அதையும், கீழே தரை நகரும் விதத்தைக் கண்ணால் பார்த்தே கணித்துக்கொள்கிறது. இதில் வேடிக்கை என்னவென்றால், ஆய்வுக்கூடத்தில் இடைவெளியே இல்லாமல் ஒரே சீராக வாசனையை நிரப்பினால் ஆண் முன்னேறுவதை நிறுத்திவிடுகிறது. விட்டுவிட்டு வந்தால்தான் அதற்கு இழுப்பு.

இதைக் காட்டி மனிதர்களுக்கும் 'பெரோமோன் சென்ட்' விற்கிறார்கள். மனிதரிடம் அப்படியொரு பொருள் இருப்பது இதுவரை நிரூபணமாகவில்லை. பழைய வசிய மைதான், புட்டி மட்டும் புதுசு.

தோட்டத்துக்கு வருவோம். ஏக்கருக்கு 5 பொறி வைப்பது வழக்கம். ஆனால் விழுவதெல்லாம் ஆண்தான். ஏற்கெனவே இணைசேர்ந்த பெண் தன் பாட்டுக்கு முட்டையிட்டுக்கொண்டிருக்கும். அதனால் பொறியோடு நிறுத்திவிடாமல், பையில் பூச்சி கூடினால் செடியைப் புரட்டிப் பாருங்கள், துளை விழுந்த காய்களைப் பறித்து அழியுங்கள்.