முர்சியேலகோ – வௌவால்

ஸ்பானிய மொழியில் வௌவாலை முர்சியேலகோ என்பார்கள். ஸ்பெயினின் பெரும்பகுதியில் நடுவில் வரும் 'சி' நாக்கு நுனி பல்லில் பட 'த்தி' போல ஒலிக்கும். லத்தீன் அமெரிக்காவில் 'சி' தான். அ, எ, இ, ஒ, உ என்று அந்த மொழியின் ஐந்து உயிரெழுத்துகளும் ஆளுக்கு ஒரு முறை மட்டும் வரும் சொல் என்பதால் பள்ளிப் பிள்ளைகளுக்கும் இது நன்றாகத் தெரியும்.

சொல்லைப் பிரித்தால் இரண்டு துண்டு. 'முர்' என்பது எலி. லத்தீன் 'முஸ்' என்பதன் வழிவந்தது. இன்றைய ஸ்பானியத்தில் எலிக்கு 'ரத்தோன்' தான், 'முர்' வழக்கொழிந்துவிட்டது. ஆனால் வௌவாலின் பெயருக்குள் அது பத்திரமாக இருக்கிறது. இரண்டாவது துண்டு, குருடு என்று பொருள்படும் லத்தீன் 'கைகுஸ்' என்பதன் குறுமை வடிவமான (சிறியது என்று காட்டும் வடிவம்) 'கைகுலுஸ்' என்பதிலிருந்து வந்தது. சேர்த்தால் 'குருட்டெலி'. பக்கத்து மொழியான போர்த்துகீசில் 'மொர்சேகு' என்பதற்கும் இதே வேர்தான்.

அப்படியானால் முதலில் இருந்திருக்க வேண்டியது 'முர்சியேகலோ' அல்லவா? ஆமாம், அதுதான் மூத்த வடிவம். பிறகு 'க'வும் 'ல'வும் இடம் மாறி முர்சியேலகோ ஆனது. மதுரையை மருதை என்றும் குதிரையைக் குருதை என்றும் நம் ஊர்ப்பக்கம் சொல்வது இதே மாற்றம்தான். இன்று யாராவது முர்சியேகலோ என்றால் கொச்சை என்று திருத்துவார்கள். ஸ்பானிய அரச மொழிக்கழக அகராதியிலோ அந்தச் சொல் இன்னும் இருக்கிறது. வேருக்கு நெருக்கமான வடிவத்தைப் பிழை என்று ஒதுக்குவது எனக்குச் சரியாகப் படவில்லை.

பெயர் சொல்லும் செய்திதான் தவறு. வௌவால் குருடும் இல்லை, எலியினமும் இல்லை. பூச்சி தின்னும் சிறிய வௌவால்கள் நம் காதுக்குக் கேட்காத மீயொலி எழுப்பி, அதன் எதிரொலியைக் கேட்டு இருட்டில் வழி காண்கின்றன. அவற்றுக்கும் பார்வை உண்டு. பழந்தின்னி வௌவால்களோ பெரும்பாலும் பெரிய கண்களையும் மோப்பத்தையும் நம்பியே இரை தேடுகின்றன.

தமிழில் நேர்ச்சொல் வௌவால். வவ்வால் என்றும் எழுதுகிறோம். சங்கப் பாடல்களில் இதன் பெயர் வாவல். மாலையில் பழுமரம் நாடிப் பறக்கும் வாவலைக் குறுந்தொகையில் பார்க்கலாம். வாவுதல் என்றால் தாவுதல். வாவல் என்பதற்குத் தாவுகை என்ற பொருளும் அகராதியில் உண்டு. ஒருவகை வௌவாலுக்குத் துரிஞ்சில் என்ற அழகான பெயரும் இருக்கிறது. மொழிபெயர்ப்பவர்கள் சிறு வௌவால்களுக்கு இதை எடுத்தாளலாம்.