கிடா வாடையில் என்ன இருக்கிறது?

"கிடாவை ரெண்டு மாசம் தம்பி பட்டியில் விட்டிருந்தேன். திரும்ப ஓட்டிவந்த மூணாம் நாளே ஐந்தாறு ஆடுகள் சேர்ந்தாற்போல் பருவத்துக்கு வந்துவிட்டன. மெலிந்த ரெண்டு மட்டும் அசையவே இல்லை. ஏன்?" என்று நாமக்கல் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்.

இதில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. இரண்டுக்கும் விடை மூளையில் ஒரே இடத்தில் இருக்கிறது.

மூளையின் அடிப்பகுதியிலுள்ள ஹைப்போதலாமஸ் ஒரு ஹார்மோனை விட்டு விட்டு, துடிப்புத் துடிப்பாகச் சுரக்கும், அது பக்கத்திலுள்ள பிட்யூட்டரி சுரப்பியை எழுப்பும், பிட்யூட்டரி விடும் எல்.எச். என்ற ஹார்மோன் சினைப்பையில் முட்டையை முதிர வைக்கும். பள்ளியில் படித்ததுதான். அந்தத் துடிப்பு அடுத்தடுத்து வந்தால் ஆடு பருவத்துக்கு வரும். இடைவெளி நீண்டால் வராது.

சரி, துடிப்பை முடுக்குவது எது? கிடாவின் மொச்சை வாடைக்கு அதில் பங்கு உண்டு என்பது மேய்ப்பவர்களுக்கு எப்போதோ தெரியும். அந்த வாடையில் எந்தப் பொருள் என்பதை ஜப்பானிய ஆய்வாளர்கள் 2014இல் கண்டுபிடித்தார்கள். ஷிபா இன ஆடுகளின் தலையில் தொப்பி மாட்டி, தலைமுடியிலிருந்து கிளம்பும் ஆவியைப் பிடித்தார்கள். காயடித்த ஆட்டிடம் இல்லாமல் கிடாவிடம் மட்டும் இருந்த பொருள்களைத் தனியே செய்து, பெட்டை ஆட்டுக்கு முகரக் கொடுத்தார்கள். அதன் மூளையில் முன்பே மின்முனைகள் வைத்திருந்ததால், துடிப்பை எழுப்பும் நரம்புகள் உடனே பொங்கியதைக் கண்ணெதிரே பார்க்க முடிந்தது. முக்கியமான பொருள் 4-எத்தில்ஆக்டனால். அதன் மணம் ஆரஞ்சுப் பழத்தை ஒத்தது! காற்றுப் பட்டு ஆக்சிஜன் ஏறியதும் அமிலமாகிறது; நாம் மூக்கைப் பொத்திக்கொள்ளும் மொச்சை வாடை அந்த அமிலத்துடையது.

ஆட்டுக்குத் தொப்பி மாட்டுவதற்கெல்லாம் பணமா என்று கேட்பவர்கள் உண்டு. ஊசி மருந்தில்லாமல் மந்தையையே ஒரே சமயத்தில் சினைப்படுத்தும் வழி இப்படிப்பட்ட ஆய்வில்தான் கிடைக்கும். நம் கால்நடை ஆய்வுக்கும் இதே பொறுமையோடு நிதி ஒதுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

துடிப்பை எழுப்பும் அந்த மூளை நரம்புகள் சுரக்கும் பொருளின் பெயர் கிஸ்பெப்டின். அதன் மரபணு 1996இல் அமெரிக்காவின் ஹெர்ஷி நகரில் கண்டுபிடிக்கப்பட்டது. அந்த ஊரின் 'கிஸ்ஸஸ்' சாக்லேட்தான் பெயர்க்காரணம். இதே நரம்புகள் உடம்பில் சேர்ந்திருக்கும் சத்தின் இருப்பையும் கவனிக்கின்றன. கொழுப்பிலிருந்து வரும் லெப்டின், ரத்தத்தின் இன்சுலின், குளுக்கோஸ் எல்லாம் நேராகவோ பக்கத்து நரம்புகள் வழியாகவோ இங்கே சேதி சொல்கின்றன. இருப்பு குறைந்தால் துடிப்பு அடங்கிவிடும். ஐந்து மாதம் சுமந்து, அப்புறம் பாலும் கொடுக்கத் தெம்பில்லாத உடம்பு சினையைத் தள்ளிப்போடுகிறது. வாசகரின் அந்த இரண்டு ஆடுகளும் வாடையை முகர்ந்திருக்கும், பசிதான் தடுத்திருக்கும். கண்ணேறு என்று மந்திரிக்கக் கூட்டிப்போக வேண்டாம்.

இடுப்புக்கு மேல் முதுகெலும்பைத் தடவிப் பாருங்கள். கத்தி முனைபோல் கையில் குத்தினால் இருப்பு போதாது. முதலில் குடற்புழு நீக்கம். பிறகு, கிடாவை விடுவதற்கு இரண்டு மூன்று வாரம் முன்பிருந்தே மேய்ச்சலோடு தினம் 200 கிராம் அளவுக்கு அடர்தீவனம். ஒரேயடியாகக் கொட்டினால் வயிறு உப்பிவிடும். கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள்.

பருவத்துக்கு வந்த மற்ற ஆடுகளிலும் சில ஐந்தாறு நாளில் மறுபடி பருவத்துக்கு வந்து கத்தலாம். கிடா வாடையால் வரும் முதல் பருவத்துக்குப் பின் சுழற்சி பெரும்பாலும் குறுகித்தான் இருக்கும். அடுத்த பருவத்தில் நன்றாகச் சினை பிடிக்கும், அதனால் கிடாவை அவசரப்பட்டுப் பிரித்துவிடாதீர்கள்.