தனிப்பட்ட ஒன்றியமா, அரசர்வழி ஒன்றியமா?

“1603இல் இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் தனிப்பட்ட ஒன்றியமாக இணைந்தன.” இந்த வாக்கியத்தை இன்னும் எத்தனை முறைதான் படிப்பது? இரண்டு நாடுகளுக்கு ஒரே அரசர் இருப்பதைக் குறிக்கும் பர்சனல் யூனியன் என்ற அரசியல் சொல்லுக்கு அகராதியில் முதலில் கண்ணில் பட்ட பொருளை எடுத்து ஒட்டிவிட்டார்கள்.

யூனியன், இலத்தீனில் ‘ஒன்று’ என்று பொருள்படும் ஊனுஸ் என்ற சொல்லின் வழி வந்தது. நம் ஒன்றியமும் ‘ஒன்று’ என்பதிலிருந்தே பிறந்ததால் அதில் குறையில்லை. குழப்பமெல்லாம் ‘பர்சனல்’ என்பதில்தான். அது இங்கே அரசர் என்கிற ஆளைக் குறிக்கிறது. இங்கிலாந்து அரசி முதலாம் எலிசபெத் பிள்ளையில்லாமல் இறந்தார். ஸ்காட்லாந்தின் ஆறாம் ஜேம்ஸ் இங்கிலாந்துக்கு முதலாம் ஜேம்ஸ் ஆனார். ஆள் ஒருவர், நாடாளுமன்றம், சட்டம், திருச்சபை எல்லாம் தனித்தனி.

தமிழில் தனிப்பட்ட கடிதம் என்கிறோம், தனிப்பட்ட பகை என்கிறோம். அந்தப் பழக்கத்தில் படிப்பவர், இரண்டு அரசர்கள் தங்களுக்குள் செய்துகொண்ட ஏதோ ஏற்பாடு என்றே நினைப்பார். அதைவிடக் கொடுமை, தனிப்படுதல் என்றால் பிரிந்து நிற்றல். பிரிந்து நிற்கும் ஒன்றியம் என்று எழுதுகிறோமே என மொழிபெயர்த்தவருக்கு உறைக்கவே இல்லையா?

‘ஒருமுடி ஒன்றியம்’ என்றும் சொல்லலாமே என்பார்கள். காதுக்கு இனிமைதான், ஆனால் பொருள் தவறு. முடிகள் இரண்டு, தலைதான் ஒன்று. இரண்டு முடிகளும் ஒன்றானது 1707இல்தான். அப்போதுதான் ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் கலைந்து, அதற்கு ஈடாக லண்டன் மக்களவையில் 45 இடங்கள் கிடைத்தன. 1603க்கும் 1707க்கும் ஒரே சொல்லைப் போட்டால் நூறாண்டு வரலாறு காணாமல் போகும்.

‘அரசர்வழி ஒன்றியம்’ என்பதே சரி. வழி என்பதில் வாரிசுவழியும் அடங்குகிறது. 1714 முதல் பிரிட்டனுக்கும் ஜெர்மனியின் ஹனோவருக்கும் ஒரே அரசர். 1837இல் விக்டோரியா பிரிட்டனின் அரசியானார். ஆண்வழி வாரிசு இருக்கும்வரை பெண் பட்டமேற ஹனோவரில் இடமில்லை. அந்த நாடு அவருடைய சிற்றப்பா எர்னஸ்ட் அகஸ்டஸுக்குப் போயிற்று. போரும் இல்லை, விடுதலைப் பிரகடனமும் இல்லை. வாரிசுவழி பிரிந்ததும் ஒன்றியமும் முடிந்தது.

ஒன்றியங்களையும் பேரரசு என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். பேரரசு என்ற நம் சொல் அளவைச் சொல்வதால் வந்த வினை இது. எம்பயர் என்பதன் மூலமான இம்பீரியம், கட்டளையிடும் அதிகாரத்தைக் குறிப்பது. 1569இல் போலந்தின் லூப்ளின் நகரில் இணைந்த போலந்தும் லித்துவேனியாவும் பரப்பில் மிகப் பெரியவை. அந்தப் பேச்சுவார்த்தை சுமுகமாக நடக்கவில்லை; லித்துவேனியப் பிரபுக்கள் எழுந்து போனதும், இரு நாட்டுக்கும் பொதுவான அரசர் கீவ், வோலினியா பகுதிகளை லித்துவேனியாவிலிருந்து பிரித்துப் போலந்தோடு சேர்த்துவிட்டார். ஆனாலும் லித்துவேனியா தன் படையையும் கருவூலத்தையும் சட்டத்தொகுப்பையும் கையில் வைத்துக்கொண்டே பொது மன்றத்தில் போய் அமர்ந்தது. அதைப் பேரரசு என்று எழுத எனக்குக் கை வராது.