ஆழ்கடல் எண்ணெய்க் கிணற்றுக்கு அனுமதி கேட்கிறார்களா? டர்பன்காரர்கள் செய்ய வேண்டியது

தென்னாப்பிரிக்கக் கடலில் எண்ணெய் தேட வரும் கம்பெனிக்கு இரண்டு அனுமதிகள் வேண்டும். ஒன்று, பெட்ரோலிய ஏஜென்சி வழியாக விண்ணப்பித்துக் கனிமவள அமைச்சரிடம் வாங்கும் தேடுதல் உரிமை. மற்றது, 1998ஆம் ஆண்டின் தேசியச் சுற்றுச்சூழல் மேலாண்மைச் சட்டப்படியான சுற்றுச்சூழல் அனுமதி. பொதுமக்கள் நுழைய வழி இருப்பது பெரும்பாலும் இரண்டாவதில்தான்.

முதல் வேலை, பெயரைப் பதிவு செய்வது. சுற்றுச்சூழல் அனுமதிக்கான ஆய்வை நடத்தும் கன்சல்டன்டின் முகவரி பத்திரிகை அறிவிப்பில் இருக்கும். "அக்கறையுள்ள, பாதிக்கப்படும் தரப்பாக என்னைப் பதிவு செய்யுங்கள்" என்று ஒரு மெயில் போதும், வக்கீல் தேவையில்லை. திட்டத்தில் உங்களுக்குப் பண லாபமோ வியாபாரத் தொடர்போ இருந்தால் அதைச் சொல்லிவிட வேண்டும். பதிந்தவருக்குத்தான் அறிக்கையும் முடிவும் தேடி வரும். வரைவு அறிக்கையைப் படித்துக் கருத்துச் சொல்லக் குறைந்தது 30 நாள் தர வேண்டும்.

"எண்ணெய் வேண்டவே வேண்டாம்" என்று மட்டும் எழுதினால், எதிர்ப்புப் பட்டியலில் ஒரு வரி கூடும், அவ்வளவுதான். பதில் சொல்லியே ஆகவேண்டிய கேள்வியாகக் கேளுங்கள். நம் கரைக்கு அப்பால் இருக்கும் ஈஆர்236 என்ற எண்ணெய் தேடும் பகுதியையே எடுத்துக்கொள்வோம். ரிச்சர்ட்ஸ் பே, ஸ்காட்பர்க் ஊர்களுக்கு நேரே ஆழ்கடலில் கிணறு தோண்ட 2019இல் அனுமதி கொடுத்தார்கள். அங்கே ஓடும் அகுலாஸ் நீரோட்டம் தெற்கே இழுக்கும். அப்படியானால் கிணறு வெடித்தால் எண்ணெய் எத்தனை நாளில் எந்தக் கரையைத் தொடும்? ஜூன், ஜூலையில் சார்டின் மீன்கூட்டம் வந்து கரைவலைக்காரர்கள் காத்திருக்கும் சமயத்துக்கும் சேர்த்துக் கணக்குப் போட்டார்களா? வெடித்த கிணற்றின் வாயில் பொருத்தும் இரும்பு மூடி ஒன்று மேற்குக் கரையில் சல்டான்யா பேயில் இருக்கிறது. அது டர்பனுக்கு வந்து இறங்க எத்தனை நாள்? மெக்சிகோ வளைகுடாவில் 2010இல் வெடித்த கிணறு 87 நாள் கொட்டியது. அவசரத் திட்டத்தை முழுதாகக் காட்டச் சொல்லுங்கள். "பிறகு தயாரிப்போம்" என்பது பதிலே அல்ல.

இது என் பிடிவாதம் மட்டும் அல்ல. கேப் டவுனுக்குத் தெற்கே 5/6/7 என்ற கடல் பகுதிக்குக் கொடுத்த சுற்றுச்சூழல் அனுமதியை மேற்கு கேப் உயர் நீதிமன்றம் 2025 ஆகஸ்டில் ரத்து செய்தது. அவசரத் திட்டங்களை மக்கள் பார்வைக்கு வைக்காததும், கசிவால் சிறு மீனவர்களுக்கு வரும் நஷ்டத்தைச் சரியாக ஆராயாததும் அதற்கான காரணங்களில் அடக்கம். ஆனாலும் குறையைச் சரிசெய்து மீண்டும் வர கம்பெனிக்கு வழி விட்டார்கள்.

அதற்கு முன் 2022 செப்டம்பரில் மக்காண்டா உயர் நீதிமன்றம், கிழக்கு கேப்பின் வைல்ட் கோஸ்ட் கரைக்கு அப்பாலான தேடுதல் உரிமையை ரத்து செய்தது. கோசா பேசும் கிராமங்கள் இருக்கும் இடத்தில் ஆங்கிலத்திலும் ஆஃப்ரிக்கான்ஸிலும் அறிவிப்புப் போட்டு, பாரம்பரிய மன்னர்களோடு பேசினால் போதும் என்று இருந்தது எடுபடவில்லை. 2024 ஜூனில் மேல்முறையீட்டு நீதிமன்றமும் உரிமை கொடுத்தது செல்லாது என்றே சொன்னது. ஆனால் உரிமையைப் புதுப்பிக்கக் கேட்ட விண்ணப்பம் முடிவாகும்வரை ரத்தை நிறுத்திவைத்தது. (நம் அரசியல் சட்டம் தமிழையும் பெயர் சொல்லி மதிக்கச் சொல்கிறது. அதற்காகத் தமிழில் நோட்டீஸ் வரும் என்று காத்திருக்க வேண்டாம்.)

சரி, அனுமதி கொடுத்துவிட்டார்கள். அப்புறம்? முடிவைப் பதிவு பெற்றவர்களுக்கு 14 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். தெரிவித்த நாளிலிருந்து 20 நாளுக்குள் சுற்றுச்சூழல் அமைச்சரிடம் மேல்முறையீடு செய்யலாம். டிசம்பர் 15 முதல் ஜனவரி 5 வரையான நாட்கள் கணக்கில் சேராது. மேல்முறையீடு போட்டதுமே, அமைச்சர் வேறு விதமாக உத்தரவிடாவிட்டால், அனுமதி நிறுத்திவைக்கப்படும். பலருக்கு இது தெரிவதில்லை. நேரே கோர்ட்டுக்கு ஓடிச் செலவழிக்கிறார்கள்.

கசிவு நடந்தே விட்டால், கெடுத்தவர்தான் துடைக்க வேண்டும் என்பது முதலில் சொன்ன 1998ஆம் ஆண்டுச் சட்டத்தின் 28ஆம் பிரிவு. பெரிய குற்றங்களுக்கு 1 கோடி ராண்ட் வரை அபராதமோ 10 ஆண்டு வரை சிறையோ, இரண்டுமோ உண்டு. ஆனால் அபராதம் மீனவர் கைக்கு வராது. நஷ்டஈடு கேட்க, வழக்கமாக எவ்வளவு பிடித்தோம் என்று காட்ட வேண்டும். பெர்மிட், தினசரிப் பிடிப்புக் கணக்கு, மீன் விற்ற ரசீது மூன்றையும் போனில் படம் எடுத்து, வீட்டில் இன்னொருவருக்கும் அனுப்பி வையுங்கள்.