என்கோடிங்: குறியாக்கம் என்று சொன்னால் போதுமா?

புதுச்சேரி லாஸ்பேட்டையில் இருக்கும் அக்கா மகன் போன வாரம் ஒருநாள் இரவு பத்தரை மணிக்குக் கூப்பிட்டான். கல்லூரி இரண்டாம் ஆண்டு படிக்கிறான், கணினியில் விளையாடுவதை அப்படியே நேரலையில் விடுகிற பழக்கம். "மாமா, என்கோடிங்கை பிராசசர்ல வைக்கட்டுமா, கிராபிக்ஸ் கார்டுல வைக்கட்டுமா? ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க" என்றான். நான் பதில் சொல்லாமல், என்கோடிங் என்றால் என்ன என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய் என்று கேட்டேன். "வீடியோவை நெட்டுல அனுப்புறதுதானே?" அது அனுப்புவது இல்லை, அனுப்புவதற்கு முன்னால் நடக்கிற வேலை. கடலூரிலிருந்து போனிலேயே அதை விளக்கி முடிக்க முக்கால் மணி நேரம் ஆயிற்று. அந்தச் சொல்லுக்குள் இவ்வளவு இருக்கிறதா என்று எனக்கே தோன்றியதால் எழுதிவைக்கிறேன்.

முதலில் வேர். என்கோட் என்பதற்குள் இருப்பது கோட். முன்னால் நிற்கும் 'என்' என்ற ஒட்டுக்கு 'உள்ளே இடு, அதுவாக ஆக்கு' என்று பொருள். கோட் ஆங்கிலத்துக்குப் பிரெஞ்சு வழியாக வந்தது, பிரெஞ்சுக்கு லத்தீனின் கோடெக்ஸிலிருந்து வந்தது. அந்தக் கோடெக்ஸின் பழைய பொருள் அடிமரம். மரத்தைப் பலகையாக அறுத்து, மேலே மெழுகு பூசி, அதில் கீறி எழுதினார்கள். பலகைகளைச் சேர்த்துக் கட்டியபோது அது புத்தகம் ஆயிற்று, பிறகு சட்டங்களைத் தொகுத்த புத்தகத்துக்கும் அதே பெயர் வந்தது. புதுச்சேரிக்காரர்களுக்கு இது தூரத்துக் கதை இல்லை. 1804இல் நெப்போலியன் காலத்தில் வந்த பிரெஞ்சு உரிமையியல் சட்டத்துக்குப் பெயரே 'கோத் சிவில்'. 1881 ஆணைப்படி தங்கள் வழக்கமான குடும்பச் சட்டத்தைத் துறந்து அதை ஏற்றுக்கொண்ட குடும்பங்கள், ரெனோன்சான் என்று சொல்வார்களே, அவர்களின் வழிவந்தவர்கள் இன்றும் அந்த ஊரில் இருக்கிறார்கள். ஆக அங்கே கணினி வருவதற்கு வெகுகாலம் முன்பே கோட் வந்துவிட்டது.

தமிழில் 'சட்டம்' என்றால் நீதிமன்றத்தில் பேசும் சட்டமும் உண்டு, கதவுக்கும் படத்துக்கும் போடுகிற மரச்சட்டமும் உண்டு. லத்தீனில் மரமும் சட்டமும் ஒரே சொல்லில் சேர்ந்த மாதிரியே இங்கேயும் சேர்ந்திருக்கின்றன. அதோடு காணொளியின் ஒவ்வொரு பிரேமையும் நாம் 'சட்டகம்' என்கிறோம். தற்செயல்தான், ஒன்றிலிருந்து மற்றொன்று பிறந்தது என்று சொல்ல மாட்டேன், ஆனாலும் எனக்குப் பிடித்த தற்செயல்.

சரி, தமிழுக்கு வருவோம். கோட் என்பதற்கு நாம் எடுத்துக்கொண்டது 'குறி'. இது புதிதாகச் செய்த சொல் இல்லை. குறிப்பு, குறியீடு, குறி சொல்வது என்று அன்றாடம் புழங்குவது. இலக்கணத்தில் குழூஉக்குறி என்று படித்திருப்போம்: பொற்கொல்லர்கள் தங்களுக்குள் பொன்னைப் 'பறி' என்று சொல்லிக்கொள்வார்களாம், வெளியாளுக்குப் புரியாது. சொல்பவர், கேட்பவர் இருவருக்கும் முன்கூட்டியே தெரிந்த ஒப்பந்தம் இருந்தால்தான் குறி வேலை செய்யும். என்கோடிங்கின் உயிரும் அந்த ஒப்பந்தத்தில்தான் இருக்கிறது. எனவே குறி + ஆக்கம், இடையில் யகரம் வந்து குறியாக்கம். செய்வது குறியாக்கி. 'குறியேற்றம்' என்றும் ஒரு வடிவம் இருந்தது, தமிழ் எழுத்துருக்களோடு மல்லுக்கட்டிய முதல் தலைமுறை இணையத் தமிழர்கள் அதை நிறையவே எழுதினார்கள்.

அந்த மல்லுக்கட்டு தெரிந்தவர்களுக்குக் குறியாக்கம் என்றதும் வீடியோ நினைவுக்கு வராது, கணினியில் தமிழ் எழுத்துகளுக்கு எண் கொடுத்த பழைய முறைகளில் ஒன்றான திஸ்கிதான் வரும். 1999இல் தமிழக அரசு இதே வேலைக்கு டாம், டாப் என்று இரண்டு தரங்களை அறிவித்தது, அதற்கு வெளியே திஸ்கி ஒருபக்கம், பாமினி ஒருபக்கம். என்னிடம் இன்னும் ஒரு பழைய கோப்பு இருக்கிறது, அந்தக் காலத்தில் நண்பனுக்கு எழுதிய கடிதம். இன்று திறந்தால் ஐரோப்பிய எழுத்துகளும் பவுண்டு அடையாளமும் தலையில் புள்ளி வைத்த எழுத்துகளுமாகத் தெரிகிறது. கடிதம் அழியவில்லை, ஒரு எழுத்தும் குறையவில்லை, ஒப்பந்தம்தான் மாறிப்போயிற்று. சரியான மாற்றியில் போட்டால் முழுசாகத் திரும்பி வரும். உலக மொழிகளுக்கெல்லாம் பொதுவான யூனிகோடு வந்தபிறகு 'அ' என்றால் 2949 என்ற எண், எந்த நாட்டில் எந்தக் கருவியில் திறந்தாலும் அதே எண், சண்டை முடிந்தது.

வீடியோ குறியாக்கம் இப்படி இல்லை. இங்கேதான் ஒரே சொல் இரண்டு வேலைகளை மூடி மறைக்கிறது. எழுத்துக் குறியாக்கத்தில் எதுவும் போகாது, வீடியோ குறியாக்கத்தில் போகும், போக வேண்டும். கணக்கைப் பாருங்கள். 1920க்கு 1080 என்ற திரையில் 20,73,600 படப்புள்ளிகள். நொடிக்கு 60 சட்டகம். ஒரு புள்ளியின் நிறத்துக்கு 24 பிட். பெருக்கினால் நொடிக்குக் கிட்டத்தட்ட 300 கோடி பிட் வருகிறது. ட்விட்ச் மாதிரித் தளத்துக்கு அனுப்பும்போது வழக்கமாக வைப்பதோ 6000 கிலோபிட், அதாவது 60 லட்சம். ஐந்நூறில் ஒரு பங்கு! மிச்சமெல்லாம் எங்கே போயிற்று? அதைத் தீர்மானிப்பதுதான் குறியாக்கியின் வேலை.

மார்கழியில் அக்கா செய்வதைச் சொன்னதும் பையனுக்கு இது பிடிபட்டது. மஞ்சக்குப்பத்தில் இருக்கும் என் மனைவிக்கு அக்கா போனில் கோலம் சொல்வாள். படம் அனுப்பத் தெரியாது. "15 புள்ளி, இடைப்புள்ளி, 8ல நிறுத்து" என்பாள், அவ்வளவுதான், இவள் வாசலில் குனிந்து புள்ளி வைக்க ஆரம்பித்துவிடுவாள். மறுநாள் கூப்பிட்டு, "நேத்துப் போட்டதேதான், நடுவுல தாமரைக்குப் பதிலா விளக்கு வச்சுடு" என்பாள். இரண்டாம் நாள் முழுக் கோலத்தையும் மறுபடி சொல்வதில்லை, மாறினதை மட்டும் சொல்கிறாள். வீடியோவைச் சுருக்கப் பரவலாகப் பயன்படும் எச்.264 முறையும் இதைத்தான் செய்கிறது. ஒரு சட்டகத்தை முழுதாக அனுப்பும், பிறகு வருபவற்றுக்கு "முன்னதில் இருந்த இந்தத் துண்டு நாலு புள்ளி இடப்பக்கம் நகர்ந்தது, மீதி அப்படியே" என்று குறிப்பு மட்டும் அனுப்பும், பார்ப்பவரின் கருவி அதை வைத்துப் படத்தை வரைந்துகொள்ளும். வழியில் ஒரு குறிப்பு தவறினால் எல்லாம் குழம்பும், புதிதாக வந்து சேருகிறவருக்கும் தொடக்கம் வேண்டும், அதனால் இரண்டு நொடிக்கு ஒருமுறை முழுச் சட்டகம் ஒன்று வரும்படி வைப்பது வழக்கம். அதற்குக் கீபிரேம் என்று பெயர், முதற்சட்டகம் என்று சொல்லலாம்.

எந்தத் துண்டு எங்கே நகர்ந்தது என்று தேடுவதில்தான் உழைப்பு முழுக்க இருக்கிறது. நிறையத் தேடினால் குறிப்பு சின்னதாகும், அதே 6000 கிலோபிட்டில் படம் தெளிவாக வரும். அரைகுறையாகத் தேடினால் புல்வெளியும் மழையும் வரும் காட்சிகளில் கட்டங்கட்டமாக உடையும்.

பையனின் கேள்விக்கு இப்போது வரலாம். கோடெக் என்பது கோடர், டிகோடர் இரண்டின் தலையையும் ஒட்டிய சொல், மோடம் பிறந்த மாதிரியே. பேச்சில் எல்லாரும் கோடெக்கையும் குறியாக்கியையும் ஒன்றாகக் கலக்கிறார்கள், அங்கேதான் குழப்பம் தொடங்குகிறது. எச்.264 என்பது 2003இல் வந்த தரம், ஒப்பந்தம், அவ்வளவுதான். அந்த ஒப்பந்தப்படி எழுதித் தருபவர்கள் பலர். விஎல்சி பிளேயரைத் தரும் பிரெஞ்சு அமைப்பான வீடியோலேனின் எக்ஸ்264 ஒரு குறியாக்கி. அது வெறும் மென்பொருள், பிராசசரில் ஓடும். என்விடியா அட்டைகளில் இருக்கும் என்வென்க் இன்னொரு குறியாக்கி. அது மென்பொருள் இல்லை, சில்லுக்குள் இந்த ஒரு வேலைக்கென்றே பொறித்துவைத்த சுற்று. முதலாவது ஏடு எழுதுகிற கை மாதிரி: நேரம் கொடுத்தால் எவ்வளவு நுணுக்கமாகவும் எழுதும், அவசரப்படுத்தினால் கிறுக்கும். இரண்டாவது அச்சு: ஒரே சீராக, சளைக்காமல் விழும், ஆனால் அச்சு வார்த்த அன்று என்ன தரமோ அதற்குமேல் பெரிதாகக் கூடாது.

அதனால்தான் 'பிராசசர் என்கோடிங், கிராபிக்ஸ் கார்டு என்கோடிங்' என்ற பெயர்களே சரியில்லை என்கிறேன். என்வென்க் கிராபிக்ஸ் கார்டில் குடியிருக்கிறது, உண்மை. ஆனால் விளையாட்டை வரைகிற பகுதி வேறு, இது வேறு. கார்டில் வைத்தால் விளையாட்டு மந்தமாகிவிடும் என்று பையன் பயந்ததற்குக் காரணம் அந்தப் பெயர்தான். இன்னொரு பக்கம், இன்டெலின் குயிக் சிங்க் 2011இலிருந்து பிராசசர் சில்லுக்குள்ளேயே இருக்கிறது, ஆனாலும் அது அச்சு வகை, எக்ஸ்264 வகை இல்லை. இடத்தை வைத்துப் பெயர் வைத்தால் இப்படித்தான் தடுக்கும். மென்பொருள் குறியாக்கம், வன்பொருள் குறியாக்கம் என்று சொன்னால் தடுக்காது, தமிழில் ஏற்கெனவே புழங்குகிற சொற்கள்தான்.

'செயலி வழிக் குறியாக்கம்' என்று எழுதுகிறவர்களும் உண்டு. வேண்டாம். செயலி என்றால் இன்று பத்துப் பேரில் ஒன்பது பேருக்கு மொபைலில் இறக்குகிற ஆப்தான். பிராசசரைக் குறிக்க வேண்டுமானால் பாடநூல்களில் இருக்கும் மையச் செயலகம் என்பதை எழுதலாம், பிராசசர் என்றே எழுதினாலும் குற்றமில்லை. கிராபிக்ஸ் கார்டுக்கு வரைகலை அட்டை நன்றாகவே நிற்கிறது. அப்புறம் என்கிரிப்ஷனுக்கும் சிலர் குறியாக்கம் என்றே எழுதுகிறார்கள், அது எனக்கு உண்மையாகவே வருத்தம் தருகிற விஷயம். என்கோடிங்கில் ஒப்பந்தம் ஊருக்கே தெரியும், என்கிரிப்ஷனில் சாவி இருப்பவருக்கு மட்டும் தெரியும். பூட்டி மறைப்பதற்கு மறையாக்கம் என்ற அழகான சொல் இருக்கும்போது இதைப் போய் அங்கே செலவழிப்பானேன்?

ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி லாஸ்பேட்டைக்கே போய்ப் பார்த்தேன். ஆறு கோர் பிராசசர், என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 3050 அட்டை. யாரோ சொன்னார்கள் என்று எக்ஸ்264ஐ 'மீடியம்' அமைப்பில் வைத்திருக்கிறான். அல்ட்ராபாஸ்ட், சூப்பர்பாஸ்ட், வெரிபாஸ்ட் என்று தொடங்கி வெரிஸ்லோ வரை போகும் ஏணி அது. கீழே இறங்க இறங்கத் தேடல் கூடும், பிராசசர் திணறும். விளையாட்டுக்கும் அதே பிராசசர் வேண்டும், இதற்கும் வேண்டும். நேரலை விடுவதற்கு அவன் பயன்படுத்தும் ஓபிஎஸ் மென்பொருளின் திரையில் கீழே 'என்கோடிங் ஓவர்லோடட்' என்று வந்து நிற்காமல் என்ன செய்யும்? தமிழில் சொன்னால், குறியாக்கி சுமை தாங்கவில்லை, சட்டகங்களை எழுதாமலே தாண்டிப்போகிறது. நெட் சரியில்லை என்று அவன் இரண்டு வாரமாக இணைப்புக்காரரோடு சண்டை போட்டிருக்கிறான். நெட் மக்கர் செய்தால் ஓபிஎஸ் அதைத் தனியாக, வலைப்பின்னலில் கைவிட்ட சட்டகம் என்று வேறு எண்ணில் காட்டும். அந்த எண் சுழியமாகவே இருந்தது.

என்வென்க்குக்கு மாற்றினோம், செய்தி போய்விட்டது. 2018இல் வந்த ஆர்டிஎக்ஸ் 20 வரிசையிலிருந்து அந்தச் சுற்று நன்றாக முன்னேறிவிட்டது, நேரலைக்கு எக்ஸ்264 வெரிபாஸ்டைவிடக் கண்ணுக்கு நன்றாகவே இருக்கும். ஜிடிஎக்ஸ் 1650 வைத்திருப்பவர்கள் கவனிக்க: முதலில் வந்த 1650இல் இருப்பது முந்தைய தலைமுறைச் சுற்று, 1650 சூப்பரில்தான் புதியது. வரைகலை அட்டையே 99 சதவீதம் விளையாட்டில் மூழ்கிக் கிடந்தால் ஓபிஎஸ் தன் காட்சியைக் கோத்து எடுக்க இடமில்லாமல் இன்னொரு வகையில் திணறும், அப்போது விளையாட்டின் சட்டக வேகத்துக்கு ஒரு வரம்பு வைத்தால் சரியாகும். அவனுக்கு 60 என்று வைத்தோம்.

அப்படியானால் எக்ஸ்264 எதற்கு? நல்ல அட்டை இல்லாத, ஆனால் நிறையக் கோர் உள்ள கணினிக்கு. நேரலைக்கென்றே இரண்டாவது கணினி வைத்திருப்பவருக்கு. பதிவுசெய்த விளையாட்டை அவசரமில்லாமல் பிறகு சுருக்கி வைக்கிறவருக்கு. அச்சு அவ்வளவு பொறுமையாகத் தேடாது, கை தேடும். ஏவி1 என்ற புதிய ஒப்பந்தம் 2018இல் வந்தது, குறைந்த பிட்டில் கூடுதல் தெளிவு. அதற்கான சுற்று ஆர்டிஎக்ஸ் 40, இன்டெல் ஆர்க், ஏஎம்டி 7000 வரிசை அட்டைகளில்தான் தொடங்குகிறது, 3050இல் கிடையாது.

கிளம்பும்போது பார்த்தேன், ஓபிஎஸ்ஸில் இரண்டு சுயவிவரம் உண்டாக்கித் தமிழிலேயே பெயர் வைத்திருந்தான்: 'நேரலை - வன்குறி', 'பதிவு - மென்குறி'. பொருள் என்பதை நடுவிலிருந்து எடுத்துவிட்டானே என்று முதலில் தோன்றியது, பஸ் கன்னியக்கோயிலைத் தாண்டும்போது இதுதான் வாயில் சுலபமாக வருகிறது என்று பட்டது. நானும் அப்படியே எழுதத் தொடங்கிவிட்டேன்.