கிராண்ட் யாருக்குன்னு யாரு முடிவு பண்றது? பங்கேற்பு கிராண்ட் பத்தி கொஞ்சம்

சின்ன தொண்டு அமைப்பு நடத்துறவங்களுக்கு கிராண்ட்னு, அதாவது திருப்பித் தர வேண்டாத நிதியுதவின்னு, சொன்னாலே ஒரு அலுப்பு வரும். பக்கம் பக்கமா ஃபார்ம், மூணு வருஷ ஆடிட் கணக்கு, எல்லாம் அனுப்பி மாசக்கணக்கா காத்திருந்தா அவங்க வேலையக் கண்ணால பாக்காத நாலு பேர் எங்கயோ உக்காந்து முடிவு பண்ணி ரெண்டு வரி மெயில் போடுவாங்க, காரணம்கூட இருக்காது. இதுக்கு மாத்தா வந்ததுதான் பங்கேற்பு கிராண்ட். ஃபவுண்டேஷன் காசைப் போடும், அதை யாருக்குக் குடுக்கலாம்னு அந்தப் பிரச்சனைக்குள்ளயே வாழுறவங்க முடிவு பண்ணுவாங்க.

மக்கள்கிட்ட கருத்துக் கேட்டுட்டு கடைசில ஃபவுண்டேஷனோட போர்டே முடிவு பண்ணா அதுக்குப் பேர் இது இல்ல. கடைசி வார்த்தை யாரோடதுன்னு பாருங்க, அது தெரிஞ்சா பாதி விஷயம் புரிஞ்சிடும்.

இது ஒண்ணும் நேத்து முளைச்ச ஐடியா இல்ல. பாஸ்டன்ல ஹேமார்க்கெட் பீப்பிள்ஸ் ஃபண்ட் 1974ல ஆரம்பிச்சப்பவே களத்துல இருக்குறவங்கள வச்சு முடிவெடுத்தாங்க. பிரேசில்ல போர்ட்டோ அலெக்ரி நகரத்துல 1989லருந்து நகராட்சி பட்ஜெட்ல ஒரு பங்கை எதுக்கு செலவு பண்ணலாம்னு மக்களே கூடிப் பேச ஆரம்பிச்சாங்க, அது அரசாங்கக் காசு, ஆனா ரெண்டுக்கும் யோசனை ஒண்ணுதான். ஃப்ரீடான்னு இளம் பெண்ணியக் குழுக்களுக்கான ஃபண்டு 2010ல வந்துச்சு, அங்க அப்ளை பண்ண குழுக்களே மத்த குழுக்களோட அப்ளிகேஷனைப் படிச்சு ஓட்டுப் போடுறாங்க. ஆம்ஸ்டர்டாம்ல இருக்குற ரெட் அம்ப்ரெல்லா ஃபண்டுல, காசு யாருக்குன்னு பாக்குற கமிட்டில பாலியல் தொழிலாளர்கள்தான் பெரும்பான்மை.

நடைமுறைல எப்படின்னா, முதல்ல மொத்தத் தொகை, எதுக்காகன்னு அறிவிப்பாங்க. கமிட்டிக்கு ஆள் எடுப்பாங்க, குலுக்கல்லயும் எடுக்கலாம், அமைப்புகள் பேர் சொல்லியும் எடுக்கலாம். ஃபார்ம் பல இடத்துல சின்னதாதான் இருக்கும், சில இடத்துல எழுதவே வேணாம், வாய்ஸ் மெசேஜா சொல்லி அனுப்பினாப் போதும். பதிவு பண்ணாத குழுவா இருந்தா, பதிவு பண்ண வேற ஒரு அமைப்போட கணக்கு வழியா காசு வாங்கிக்க சிலர் விடுவாங்க.

கமிட்டி கூடுற நாள்தான் சுவாரசியமே. ஆளாளுக்கு வீட்டுலயே மார்க் போட்டு கொண்டு வருவாங்க, எல்லாத்தையும் ஒரே ஷீட்ல போட்டுப் பாத்தா ஒரே அப்ளிகேஷனுக்கு ஒருத்தர் ஒன்பது, பக்கத்துல இருக்குறவர் மூணு. ஏன் மூணுன்னு கேட்டா "இங்கிலீஷ் அழகா இருக்கு, ஆனா இவங்கள நான் களத்துல ஒரு நாளும் பாத்ததில்ல"ன்னு சொல்வாரு. வெளியில இருந்து வர்ற நிபுணருக்கு இந்த மூணு மார்க்குக்கான காரணம் தெரியவே தெரியாது, அதுக்காகத்தான் இந்தப் பாடு எல்லாம்.

அதே நெருக்கம்தான் தலைவலியும். தன் அமைப்பு, தன் சொந்தக்காரங்க அமைப்பு பேர் வந்தா எந்திரிச்சு வெளிய போயிடணும்ங்கிற விதி எழுத்துல இருக்கணும், வாய்ப்பேச்சா இருந்தா யாரும் எந்திரிக்க மாட்டாங்க. கிடைக்காதவங்க முகத்துல மறுநாள் முழிக்கணும் பாருங்க, அதனால மறுப்புக் கடிதம் கமிட்டி பேர்ல, காரணத்தோட போகணும். இன்னொண்ணு, ஓட்டுக்கு விட்டா எல்லாருக்கும் பிடிச்ச வேலை ஜெயிச்சிடும், ஊரே ஒதுக்குற ஆட்களுக்கான வேலை தோத்துடும், அதனால அப்படிப்பட்டவங்களுக்கு முன்னாடியே ஒரு பங்கு ஒதுக்கி வைக்கிறது நல்லது.

கமிட்டி ஆட்களுக்கு அலவன்ஸ் குடுக்கணும், இதுல எனக்கு ரெண்டாவது கருத்தே கிடையாது. சம்பளம் வாங்குற ஊழியர் பண்ற வேலைய தினக்கூலிக்காரர்கிட்ட சும்மா வாங்கிட்டு அதுக்கு அதிகாரப் பகிர்வுன்னு பேர் வைக்கக் கூடாது. பஸ் காசு, குழந்தையப் பாத்துக்க ஆள், மொழிபெயர்ப்பு, இதுக்கெல்லாம் செலவாகும், நேரமும் இழுக்கும்.

சட்டப்படி பொறுப்பு பெரும்பாலும் போர்டுக்குத்தான், கையெழுத்து அவங்கதான் போடுவாங்க, ஆனா கமிட்டி முடிவை எந்தக் காரணத்துக்கெல்லாம் தள்ளலாம்னு முன்னாடியே எழுதி வச்சிருக்காங்களான்னு கேட்டுப் பாருங்க. உங்களையே கமிட்டிக்குக் கூப்பிட்டா சரின்னு சொல்றதுக்கு முன்னாடி இன்னொண்ணும் கேட்டுக்கங்க, அந்த ரவுண்டுல உங்க அமைப்பு அப்ளை பண்ண விடுவாங்களான்னு. சில ஃபண்டுல விட மாட்டாங்க.