இரண்டு ஆக்சிஜன் அணுக்கள் மலேரியாக் கிருமியை எப்படிக் கொல்கின்றன?

வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "மலேரியாவுக்குக் கொடுக்கும் ஆர்ட்டிமிசினின் மருந்து, 1,600 ஆண்டுகளுக்கு முந்தைய சீன மருத்துவ நூலிலிருந்து வந்தது, அதற்கு நோபல் பரிசும் கிடைத்தது என்கிறார்கள். அப்படியென்றால் பழைய மருத்துவ நூல்களில் எழுதியிருப்பதை அப்படியே நம்பலாம்தானே?"

முதல் பாதி உண்மை. இரண்டாம் பாதிக்குப் பதில் வேண்டுமானால் அந்த மருந்து உடலுக்குள் போய் என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டும். எனக்குத் தெரிந்த மருந்துகளிலேயே இதன் வேலை போல மனதைக் கவர்ந்தது வேறு இல்லை.

முதலில் வரலாற்றைச் சுருக்கமாகப் பார்ப்போம். வியட்நாம் போர்க்களத்தில் மலேரியா வீரர்களைச் சாய்த்துக்கொண்டிருந்தது. அப்போது கையில் இருந்த குளோரோகுயின் பல இடங்களில் பலிக்கவில்லை. வட வியட்நாமுக்கு உதவ, புது மருந்து தேடி 1967 மே 23 அன்று சீன அரசு ஒரு ரகசியத் திட்டம் தொடங்கியது. அந்தத் தேதியை வைத்தே அதற்கு '523' என்று பெயர். 1969இல் பெய்ஜிங்கில் அந்த வேலையின் ஒரு பகுதி து யூயூ என்ற வேதியியலாளரிடம் வந்தது. அவர் குழு பழைய நூல்களையும் வைத்தியர்களின் குறிப்புகளையும் புரட்டி 2,000 மருந்து முறைகளைத் திரட்டியது. அதிலிருந்து சுமார் 200 மூலிகைகளை எடுத்து, 380க்கும் மேற்பட்ட சாறுகளை மலேரியா வந்த எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தது. பெரும்பாலானவை ஒன்றும் செய்யவில்லை. சிங்ஹாவ் என்ற செடியின் சாறு மட்டும் ஒரு தடவை நன்றாக வேலை செய்தது, அடுத்த தடவை கைவிட்டது.

அப்போதுதான் கே ஹோங் என்பவர் நான்காம் நூற்றாண்டில் எழுதிய அவசர சிகிச்சைக் கையேட்டில் இருந்த ஒரு வரி து யூயூவின் கண்ணில் பட்டது. ஒரு கைப்பிடி சிங்ஹாவை இரண்டு படி நீரில் ஊறவைத்து, பிழிந்து, சாறு முழுவதையும் குடிக்க வேண்டும் என்கிறது அந்த வரி. இதில் கொதிக்க வைக்கும் பேச்சே இல்லை. மூலிகை என்றால் காய்ச்சிக் கஷாயம் வைப்பதுதான் வழக்கம். சூடுதான் மருந்தைக் கெடுக்கிறதோ என்று அவருக்குத் தோன்றியது. சுமார் 35 டிகிரியிலேயே கொதித்துவிடும் ஈதரைக் கொண்டு சாறு எடுத்து, அதிலிருந்த அமிலப் பகுதியை நீக்கினார். 1971 அக்டோபர் 4 அன்று 191ஆம் எண் மாதிரி எலிகளின் ரத்தத்திலிருந்த கிருமிகளை முழுவதுமாக ஒழித்தது. அடுத்த ஆண்டு அவரும் சக ஆய்வாளர்கள் இருவரும் முதலில் தாங்களே குடித்துப் பார்த்தார்கள். ஆபத்தில்லை என்று தெரிந்த பிறகுதான் ஹைனான் தீவில் நோயாளிகளுக்குக் கொடுத்தார்கள்.

சரி, அந்தச் சாற்றில் அப்படி என்னதான் இருந்தது?

கொசு கடித்ததும் மலேரியா ஒட்டுண்ணி கல்லீரலுக்குப் போகும், அங்கே பெருகும், பிறகு ரத்தத்துக்கு வந்து சிவப்பணுக்களுக்குள் புகும். இது பள்ளியில் படித்ததுதான். சிவப்பணுவுக்குள் அது என்ன செய்கிறது என்பதைத்தான் நாம் கவனிக்க வேண்டும். ஒரு சிவப்பணுவில் சுமார் 27 கோடி ஹீமோகுளோபின் மூலக்கூறுகள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் நான்கு ஹீம் வளையங்கள், ஒவ்வொரு வளையத்தின் நடுவிலும் ஓர் இரும்பு அணு. அதாவது ஒரே சிவப்பணுவுக்குள் 100 கோடிக்கும் மேற்பட்ட இரும்பு அணுக்கள். ஒட்டுண்ணி இந்த ஹீமோகுளோபினை வாரி விழுங்குகிறது. தன் உடலுக்குள் இருக்கும் அமிலம் நிறைந்த ஒரு பையில் போட்டு, நொதிகளால் துண்டு துண்டாக நறுக்குகிறது. புரதப் பகுதி அமினோ அமிலங்களாகப் பிரிந்து அதற்கு உணவாகிறது. 48 மணி நேரத்தில் வளர்ந்து, பிரிந்து, சிவப்பணுவை உடைத்துக்கொண்டு வெளியே வருகிறது.

இந்தச் சாப்பாட்டில் ஒரு சிக்கல் இருக்கிறது. புரதத்தைத் தின்ற பிறகு ஹீம் மிஞ்சுகிறது. புரத மடிப்புக்குள் பொதிந்திருந்தவரை சாதுவாக ஆக்சிஜன் சுமந்த ஹீம், வெளியே வந்ததும் நஞ்சாகிவிடுகிறது. சவ்வுகளைக் குலைக்கும், புரதங்களைச் சிதைக்கும். ஒட்டுண்ணியால் அதை உடைக்கவும் முடியாது. அதனால் ஹீம்களை ஒன்றோடொன்று சேர்த்து, கரையாத படிகமாக்கி ஓரமாக ஒதுக்கி வைக்கிறது. மலேரியா ரத்தத்தை நுண்ணோக்கியில் பார்த்தால் தெரியும் கரும்பழுப்புத் துகள்கள் இந்தப் படிகங்கள்தான். 1880இல் அல்ஜீரியாவில் லாவெரான் என்ற பிரெஞ்சு மருத்துவர் ஒட்டுண்ணியைக் கண்டுபிடித்ததும் இந்த நிறமியைத் தேடிப் போனபோதுதான். குளோரோகுயின் இந்தப் படிகம் உருவாவதைத் தடுத்து, ஒட்டுண்ணியை அதன் சொந்தக் கழிவாலேயே சாகடிக்கிறது.

சிங்ஹாவ் சாற்றில் இருந்த ஆர்ட்டிமிசினினின் வழி வேறு. அதன் மூலக்கூறில் 15 கார்பன், 22 ஹைட்ரஜன், 5 ஆக்சிஜன் அணுக்கள் இருக்கின்றன. அந்த ஐந்து ஆக்சிஜன்களில் இரண்டு, ஒன்றோடொன்று நேரடியாகக் கைகோத்து ஒரு பாலம் போட்டிருக்கின்றன. இதைப் பெராக்சைடு பிணைப்பு என்பார்கள். ஹைட்ரஜன் பெராக்சைடில் இருப்பதும் இதுதான், மிகவும் பலவீனமான பிணைப்பு. ஆனால் ஆர்ட்டிமிசினினில் கார்பன் வளையங்கள் சுற்றிலும் கூடு போல அணைத்திருப்பதால், தொந்தரவு செய்யாதவரை பாலம் உடையாமல் நிற்கிறது.

தொந்தரவு செய்வது ஹீமில் இருக்கும் இரும்பு. ஹீமோகுளோபினிலிருந்து விடுபட்ட ஹீமின் இரும்பு ஓர் எலெக்ட்ரானைக் கொடுத்ததும் பாலம் முறிகிறது. ஜோடி சேராத எலெக்ட்ரானோடு ஆக்சிஜன் தவிக்கிறது. நொடியின் சிறு துளிக்குள் அந்தத் தவிப்பு பக்கத்துக் கார்பனுக்கு மாறுகிறது. பிறகு அது கையில் கிடைத்ததையெல்லாம் பற்றிக்கொள்கிறது, ஹீமையே பற்றும், அருகிலுள்ள புரதங்களையும் பற்றும். 2015இல் வெளியான ஓர் ஆய்வு, ஒட்டுண்ணிக்குள் இப்படிப் பிடிபட்ட 124 புரதங்களைக் கண்டறிந்தது. வழக்கமான மருந்து ஒரே ஒரு புரதத்தைக் குறிவைக்கும். இது உயிருக்குத் தேவையான பல வேலைகளை ஒரே நேரத்தில் முடக்குகிறது. 48 மணி நேரச் சுற்று ஒன்றில் கிருமிகளின் எண்ணிக்கை சுமார் பத்தாயிரத்தில் ஒரு பங்காகச் சரிகிறது.

அப்படியானால் நம் செல்களை ஏன் அது விட்டுவைக்கிறது? தீக்குச்சி தானாகப் பற்றாது, உரசப் பட்டை வேண்டும். ஆர்ட்டிமிசினின் ஒரு தீக்குச்சி என்றால், உரசும் பட்டை விடுபட்ட ஹீம். நோயில்லாத சிவப்பணுவில் ஹீம் புரதத்துக்குள் பத்திரமாக இருக்கிறது. அந்த மூடியைப் பிய்த்து எறிவது ஒட்டுண்ணி மட்டும்தான். பசியாறும் ஒவ்வொரு வாய்க்கும் அது தன் சாவுக்கான பட்டையைத் தானே தயாரித்துக்கொள்கிறது!

இது வெறும் ஊகம் இல்லை. அந்தப் பாலத்திலிருந்து ஒரே ஓர் ஆக்சிஜனை மட்டும் எடுத்துவிட்டு, மற்றதெல்லாம் அப்படியே இருக்கும் மூலக்கூறு ஒன்று உண்டு. டிஆக்சி ஆர்ட்டிமிசினின் என்று பெயர். அது கிருமியைக் கொல்வதில்லை. மறுபக்கம், பெராக்சைடு பாலத்தை மட்டும் வைத்துக்கொண்டு, செடியின் உதவியே இல்லாமல் ஆய்வகத்தில் கட்டிய ஆர்ட்டரோலேன் என்ற மூலக்கூறு கொல்கிறது. இன்னொரு மருந்தோடு சேர்த்து அது 2012இல் இந்தியாவில் விற்பனைக்கு வந்தது.

இனி வாசகரின் இரண்டாம் பாதிக் கேள்வி. பழைய நூல் கொடுத்தது எங்கே தேடலாம் என்ற துப்பு. அந்தத் துப்புக்கு விலை மதிப்பில்லை, அதைத் தந்த கே ஹோங்கை நான் மனதார வணங்குகிறேன். ஆனால் அதே மரபு பரிந்துரைத்த நூற்றுக்கணக்கான சாறுகள் எலிகளிடம் தோற்றன. எது தேறும் என்று நூலால் சொல்ல முடியவில்லை, எலிகளிடம் செய்த சோதனை சொன்னது. அந்தச் செடியிலும் இலையில்தான் மருந்து இருக்கிறது, அதுவும் விளையும் ஊரைப் பொறுத்து அளவு மாறுகிறது. பெய்ஜிங் பக்கத்துச் செடியில் குறைவு, சிச்சுவான் செடியில் அதிகம். அதனால்தான் இந்த இலையைத் தேநீராகக் குடித்தால் மலேரியா குணமாகும் என்று பரப்புவதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். உலக சுகாதார நிறுவனமும் அதை ஏற்கவில்லை. ஒவ்வொரு கோப்பையிலும் மருந்து எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது. 2023இல் மட்டும் உலகில் சுமார் 5,97,000 பேரைக் கொன்ற நோய் இது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஒரு போர் வந்ததால்தான் இந்தத் தேடலுக்குப் பணம் வந்தது.  2015 நோபல் பரிசில் பாதி து யூயூவுக்கு. மீதிப் பாதியை ஒமுரா, கேம்பெல் என்ற இரு விஞ்ஞானிகள் பகிர்ந்துகொண்டார்கள். ஒட்டுண்ணிப் புழுக்களுக்கு எதிரான அவர்களின் மருந்து ஜப்பானிய மண்ணில் கிடைத்த பாக்டீரியாவிலிருந்து வந்தது, அங்கே பழைய நூல் எதுவும் இல்லை. பழஞ்சுவடி படிப்பவருக்கும், மண்ணைச் சலிப்பவருக்கும், எலிகளோடு மாதக்கணக்கில் உட்காருபவருக்கும் சேர்த்தே நிதி ஒதுக்க வேண்டும். உடனடிப் பலன் கேட்டு இதில் ஒருவரை வெட்டினாலும் சங்கிலி அறுந்துவிடும்.

அதுவும் இப்போது அவசரம். கம்போடியாவில் தொடங்கி, பின்னர் ருவாண்டா, உகாண்டாவிலும் இந்த மருந்துக்கு எளிதில் சாகாத கிருமிகள் கிடைத்திருக்கின்றன. அவற்றில் கெல்ச்13 என்ற மரபணு மாறியிருக்கிறது. அந்த மரபணு செய்யும் புரதம், ஹீமோகுளோபினை உள்ளே இழுக்கும் வேலையில் பங்கெடுப்பது என்று 2020இல் தெரியவந்தது. அதாவது மாறிய கிருமி இளம் பருவத்தில் குறைவாகச் சாப்பிடுகிறது. சாப்பாடு குறைந்தால் ஹீமும் குறையும், தீக்குச்சி பற்றாது. ஆர்ட்டிமிசினின் ரத்தத்தில் சில மணி நேரமே தங்குவதால், அதுவரை அரைவயிற்றோடு ஒடுங்கிக் கிடந்துவிட்டு அப்புறம் வளரத் தொடங்குகிறது. இதனால்தான் லூமிஃபான்ட்ரின் போன்ற, ரத்தத்தில் பல நாள் நீடிக்கும் இன்னொரு மருந்தைச் சேர்த்து மூன்று நாட்களுக்குக் கொடுக்கிறார்கள். எஞ்சிய கிருமிகளை அந்தக் கூட்டாளி மருந்து ஒழிக்கும். கூட்டாளி மருந்துக்கும் கிருமி பழகிவிட்ட இடங்களுக்காக, மூன்று மருந்துகளை ஒன்றாகக் கொடுக்கும் சோதனைகள் நோயாளிகளிடம் நடந்திருக்கின்றன.